பல் மருத்துவப் படிப்புக்கு இரண்டாம் முறை விண்ணப்பிக்கும் மாணவருக்கு

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் வேளையில் நம் இல்லங்களில் இரண்டு துறைகளின் பெயர்கள்தாம் அதிகம் அடிபடுகின்றன. ஒன்று மருத்துவம், மற்றொன்று பல் மருத்துவம். சிறந்த தேர்ச்சி பெற்றவர்களுக்கு வழிகாட்டிக் கருத்தரங்குகள் நடக்கின்றன. நாளிதழ்களில் படங்களும் வெளிவருகின்றன. ஆனால், அந்த வாய்ப்பு ஒருமுறை கைநழுவிப் போய், வேறொரு துறையில் சேர்ந்து, அங்கும் தடுமாறிக்கொண்டே அந்த ஆசையை உள்ளுக்குள் வைத்திருக்கும் மாணவருக்கு வழி சொல்வார் குறைவு. இக்கட்டுரை அவருக்காக எழுதப்படுகிறது. எழுதுபவளும் அவர்களுள் ஒருத்திதான்.

எஸ்.டி.பி.எம். முடிந்தபின் நான் கேட்ட பல் மருத்துவம் கிடைக்கவில்லை, உயிர்வேதியியல் கிடைத்தது. முதல் பருவத்தில் என் சராசரிப் புள்ளி 2.31. இன்று அது 3.2ஐத் தாண்டியிருக்கிறது. இடையில் ஒரு முறை பல் மருத்துவத்துக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வு வரை சென்று, தோல்வியடைந்தேன். இப்போது மீண்டும் விண்ணப்பித்துள்ளேன். ஆகவே, இது வெற்றி பெற்றவரின் அறிவுரை அன்று. பாதி வழியில் நிற்பவள், பின்னால் வருபவருக்கு எங்கே பள்ளம், எங்கே மேடு என்று சொல்லும் குறிப்பு என்று கொள்ளலாம்.

1. செமிலிங்கிலிருந்து பார்த்தால்

என் ஊர் கெடா மாநிலத்துச் செமிலிங். பீடோங்கிலிருந்து மெர்போக் செல்லும் சாலையில், ஜெராய் மலையைப் பார்த்தபடி இருக்கும் சிற்றூர். அருகில் உள்ள சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழ்வாய்வில் பழங்கால இரும்பு உருக்கும் உலைகள் வெளிப்பட்டன. அதனால் வரலாற்று மாணவர்கள் எங்கள் ஊரை அறிவார்கள். மற்றவர்களுக்கு அது ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும், செம்பனை வீடமைப்புப் பகுதியாகவும் மாறிய பல ஊர்களுள் ஒன்று.

அந்த ஊரில்தான் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலேசிய இந்தியர்களின் கல்விக்காக எம்.ஐ.இ.டி. அமைப்பு 2001இல் தொடங்கிய இக்கழகம், முதலில் சுங்கைப் பட்டாணியில் தற்காலிகமாக இயங்கிப் பின்னர் செமிலிங்கில் நிலையான வளாகத்தை அமைத்துக்கொண்டது. அங்கே பல் மருத்துவப் புலமும் உண்டு. பள்ளிப் பேருந்தில் போகும்போது வெள்ளை மேலங்கி அணிந்த மாணவர்களைப் பார்த்தே வளர்ந்தேன். கல்லூரி அருகில் இருந்தது. ஆனால் அதன் வாசலுக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கும் இடையே மதிப்பெண்ணும் பணமும் நின்றன.

இத்துறை நம் நாட்டில் வளர்ந்த விதத்தையும் விண்ணப்பிப்பவர் ஓரளவு அறிந்திருக்க வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் 1929இல் சிங்கப்பூர் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி அமைந்தது. நியூசிலாந்து நாட்டின் முறையைப் பின்பற்றியது அது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலம் 1972இல் உருவானது. பினாங்கில் தொடங்கிய அந்தத் தாதியர் முறையின் பயனை நாம் எல்லாரும் அனுபவித்திருக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் நூல்நிலையத்தைக் காலி செய்து, மடக்கு நாற்காலியை விரித்து, வரிசையாக நம் வாயைத் திறக்கச் சொன்ன அந்தப் பல் மருத்துவக் குழுவை யாரால் மறக்க முடியும்? நான் முதன்முதலில் பார்த்த பல் மருத்துவப் பணியாளர் அவர்கள்தாம்.

2. முதலில் விதிகளைப் படியுங்கள்

என் முதல் தவறு, விதிகளை அறிந்தவர்களிடம் கேட்காமல், கேள்விப்பட்டவர்களிடம் கேட்டது. இந்நாட்டில் பல் மருத்துவராகப் பதிவு பெறுவதை மலேசியப் பல் மருத்துவ மன்றம் கவனிக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம், 2022 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. படிப்பு உள்நாட்டில் ஆனாலும் வெளிநாட்டில் ஆனாலும், அந்தப் பட்டம் மன்றத்தால் ஏற்கப்பட்டதா என்பதே முதல் கேள்வியாக இருக்கவேண்டும். ஏற்கப்படாத பட்டத்துக்கு ஐந்தாண்டும் குடும்பச் சேமிப்பும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து வருந்திப் பயனில்லை.

அடுத்து, பாடங்கள். எஸ்.டி.பி.எம். வழி வருபவர்க்கு உயிரியலும் வேதியியலும் வேண்டும். மூன்றாவதாக இயற்பியல் அல்லது கணிதம் வேண்டும். இவற்றோடு எஸ்.பி.எம். அறிவியல் பாடங்களின் தேர்ச்சியையும் பார்ப்பார்கள். பட்டதாரியாக விண்ணப்பிப்பவர்க்குத் தனி நிபந்தனை உண்டு. குறைந்தபட்சத் தகுதி என்பது கதவைத் தட்டும் உரிமை மட்டுமே; இடம் கிடைக்கும் என்ற உறுதி அன்று. ஒவ்வொரு கல்லூரியும் அதற்கு மேல் தன் அளவை வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ இருக்கும் தம்பி தங்கையர்க்கு ஒரு சொல். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியவை. கடைசி இடங்களுக்குப் போட்டியிடும்போது அந்தப் பத்தும் பெரிதாகிவிடும். சீருடை இயக்கத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்து படித்தேன் என்று பெருமைப்பட்டவள் நான்; பின்னர் அதற்காக வருந்தினேன்.

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழியுங்கள். இடப்பக்கம் கல்லூரி கேட்பதை எழுதுங்கள். வலப்பக்கம் உங்களிடம் இருப்பதை எழுதுங்கள். இடையில் உள்ள இடைவெளிதான் உங்கள் பாடத்திட்டம். அதைப் பார்க்க அஞ்சித்தான் நான் ஓராண்டை வீணாக்கினேன்.

3. மதிப்பெண் எங்கே போனது?

முதல் பருவத்தில் கரிம வேதியியல் தாளில் 100க்கு 38 பெற்றேன். அறைக்கு வந்து அழுதேன். அழுது முடித்தபின் பழைய பழக்கப்படி, 'இன்னும் அதிக நேரம் படிக்க வேண்டும்' என்று அட்டவணை போட்டேன். இரண்டாம் பருவத்திலும் பெரிய மாற்றம் இல்லை. அப்போது ஒரு மூத்த மாணவி, "தங்கச்சி, எவ்வளவு நேரம் படிச்சேன்னு எழுதாதே. மார்க்கு எங்க போச்சுன்னு எழுது" என்றார். அந்த ஒரு சொல்தான் என்னைக் காப்பாற்றியது.

விரிவுரையாளரிடம் அனுமதி கேட்டு என் விடைத்தாளைப் பார்த்தேன். இழந்த 62 புள்ளிகளையும் மூன்றாகப் பிரித்தேன். படித்தும் மறந்து போனதால் இழந்தவை 21. கவனக்குறைவால் இழந்தவை 14. மீதி 27 புள்ளிகள் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் இழந்தவை. எனக்கு அது வியப்பாக இருந்தது. வேதியியல் வரவில்லை என்றே அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் வராதது மொழி.

ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் அறிவியலின் அடிப்படையைத் தமிழில் கற்றேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழிக்கு மாறினேன். எஸ்.டி.பி.எம். தேர்வையும் மலாயில்தான் எழுதினேன். பல்கலைக்கழகத்தில் அனைத்தும் ஆங்கிலம். 'ஜஸ்டிஃபை' என்று கேட்டால் காரணம் காட்ட வேண்டும். நானோ நடந்ததை விவரித்துக்கொண்டிருந்தேன். 'டெடியூஸ்' என்றால் தந்த தரவிலிருந்து முடிவுக்கு வர வேண்டும்; நான் மனப்பாடம் செய்ததை எழுதினேன். விடை தவறு இல்லை; கேட்கப்பட்டதற்கு அது விடை இல்லை.

தமிழ்ப்பள்ளியில் படித்ததால் இந்த நிலை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அங்கே எனக்குக் கிடைத்த அடிப்படை உறுதியானது. மூன்று மொழிகளுக்கும் இடையே பாலம் கட்டும் வேலையை நான் செய்யாமல் விட்டதுதான் குறை. அதைச் செய்யத் தொடங்கியதும் மூன்று மொழி தெரிந்திருப்பதே எனக்குத் துணையாகிவிட்டது.

4. படிக்கும் முறையை மாற்றுதல்

முதலாவது, மும்மொழிச் சொல்லேடு. ஒரு பக்கத்தில் மூன்று கட்டங்கள். ஈறு, மலாயில் கூசி, ஆங்கிலத்தில் ஜின்ஜைவா. உமிழ்நீர், மலாயில் ஆயர் லியூர், ஆங்கிலத்தில் சலைவா. சொத்தை, மலாயில் காரீஸ், ஆங்கிலத்திலும் அதே வேர்ச்சொல். இவ்வாறு கேள்விச் சொற்களையும் எழுதினேன். கடினமான பகுதியை முதலில் தமிழில் எனக்கே விளக்கிக்கொண்டு, அதன்பின் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். தமிழில் சொல்ல முடியாத இடம் வந்தால், அங்கே எனக்கு விளங்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது, புத்தகத்தை மூடிவிட்டு எழுதுவது. மறதி எப்படி ஏற்படுகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹாவுஸ் 1885லேயே ஆராய்ந்து எழுதினார். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தனர். அவர்கள் ஒரு பாடப்பகுதியைத் திரும்பப் படித்தனர். மற்றொரு பாடப்பகுதியில் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்த பகுதியே முந்தியது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை மாறியது: எழுதிப் பார்த்த பகுதியில் சுமார் 56 விழுக்காட்டையும், திரும்பப் படித்த பகுதியில் சுமார் 42 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தனர். மஞ்சள் மையால் கோடு போட்டுக்கொண்டே திரும்பத் திரும்பப் படிக்கும் நம்மில் பலர், தேர்வுக்கு முதல்நாள் எல்லாம் தெரிந்தவர் போலவும், தேர்வு நாளில் ஒன்றும் தெரியாதவர் போலவும் ஆவதற்குக் காரணம் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 'பல் ஏன் சொத்தையாகிறது?' என்ற கேள்வியை வெற்றுத்தாளின் மேல் எழுதுங்கள். பல்லின் மேலுறையாகிய எனாமல் நம் உடலிலேயே கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். வாயில் உள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த கனிமத்தை ஓரளவு திருப்பித் தருகிறது. புளோரைடு அந்தத் திருப்பத்துக்குத் துணை செய்கிறது. நம் நாட்டுக் குழாய்நீரில் புளோரைடு அளவு 2005இல் 0.7லிருந்து 0.5 பி.பி.எம். ஆகக் குறைக்கப்பட்டது. இவ்வளவையும் புத்தகம் பாராமல் எழுத முடிந்தால் வேதியியல், நுண்ணுயிரியல், பொதுச் சுகாதாரம் ஆகிய மூன்றையும் ஒரே கேள்வியில் படித்துவிட்டீர்கள். எழுத முடியாத வரியைச் சிவப்பு மையால் நிரப்புங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று மீண்டும் எழுதுங்கள். சிவப்பு குறைந்துகொண்டே வரும்.

மூன்றாவது, உதவி கேட்பது. விரிவுரையாளர் அறைக் கதவைத் தட்ட எனக்கு ஓராண்டு ஆயிற்று. 'விளங்கவில்லை' என்று மட்டும் சொல்லாமல், 'இதுவரை விளங்கிற்று. இந்த இடத்தில் நின்றுவிட்டேன்' என்று தாளைக் காட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது.

5. கைப்பழக்கம்

பல் மருத்துவம் கையால் செய்யும் தொழில். ஒரு காலத்தில் அமெரிக்காவின் பல் மருத்துவ நுழைவுத் தேர்வில் சுண்ணக்கட்டியைச் செதுக்கச் சொல்வார்கள். 1970களின் தொடக்கத்தில் அது நீக்கப்பட்டு, வடிவங்களைக் கண்டறியும் எழுத்துத் தேர்வு வந்தது. கனடாவில் பல ஆண்டுகள் சோப்புக் கட்டியைச் செதுக்கும் தேர்வு இருந்தது. எங்கே விண்ணப்பித்தாலும் இந்தப் பயிற்சி வீண்போகாது. கம்பியை வளைத்து வடிவம் செய்யலாம். துணி துவைக்கும் சோப்பை வாங்கிச் சிறு கத்தியால் கடைவாய்ப் பல்லைச் செதுக்கலாம். செலவு இரண்டு மூன்று ரிங்கிட்தான்.

விடுமுறையில் வீட்டு வாசலில் அமர்ந்து சோப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். பாட்டி பார்த்துவிட்டு, "ஏம்மா, கத்திய இப்படியா புடிக்கிறது? கைய விறைப்பா வச்சா வெட்டு ஆழமா போயிரும்" என்று வாங்கிக்கொண்டார். பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் தீம்பாரில் பால்மரம் சீவியவர். அவர் எடுத்த சீவல் ஒவ்வொன்றும் ஒரே கனத்தில் விழுந்தது. பட்டையை ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கே சீவ வேண்டும். உளி உள்ளே போய்விட்டால் மரத்தில் காயம் விழும். காயம் விழுந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அப்புறம் அங்கே சீவ முடியாது. அதை விடியற்காலை இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் செய்திருக்கிறார்.

பல்லின் கடிக்கும் முனையில் எனாமல் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் கனமே இருக்கும். அதன் கீழ் டென்டீன். அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள பற்கூழ். சொத்தையை மட்டும் எடுத்துவிட்டுப் பற்கூழைத் தொடாமல் நிறுத்துவதே மருத்துவரின் திறமை. பாட்டி பள்ளிக்கூடம் போகாதவர். அன்று ஒரு மணி நேரம் எனக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

6. முதல் நேர்முகத் தேர்வு

சென்ற ஆண்டு என் எஸ்.டி.பி.எம். முடிவைக் கொண்டு ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். மூவர் அமர்ந்திருந்தனர். இரண்டு கேள்விகளை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதற்கேள்வி: "முதல் பருவத்தில் ஏன் இவ்வளவு குறைவு?" நான், "பாடம் மிகவும் கடினமாக இருந்தது" என்றேன். 27, 21, 14 என்ற கணக்கு என் பையில் இருந்த ஏட்டில் இருந்தது. வெட்கப்பட்டு அதைச் சொல்லவில்லை.

இரண்டாம் கேள்வி: "நீங்கள் வளர்ந்த பகுதியில் மக்களுக்கு வாயில் வரும் பெரிய நோய் எது?" நான் பாடநூலை நினைத்துக்கொண்டு "பற்சொத்தை" என்றேன். "வேறு ஏதும்?" என்று கேட்டனர். தெரியவில்லை என்றேன். என் விண்ணப்பக் கடிதத்திலும் 'சமுதாயத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்' என்றுதான் இருந்தது. எந்தச் சமுதாயம், என்ன சேவை என்று அதில் ஒரு வரியும் இல்லை. தோட்டம், லயம், பாட்டி ஆகியவற்றை நானே அடித்துவிட்டிருந்தேன். நாகரிகமாக இருக்காது என்று நினைத்தேன்.

இரு வாரத்தில் இடமில்லை என்ற கடிதம் வந்தது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அன்று நான் சொன்ன விடைகளுக்கு நானும் இடம் கொடுத்திருக்க மாட்டேன்.

7. விடை வீட்டில் இருந்தது

இரண்டு மாதம் கழித்து, பல்செட் கட்டுவதற்காகப் பாட்டியை ஒரு பயிற்சி மருத்துவகத்துக்கு அழைத்துச் சென்றேன். இத்தகைய இடங்களில் மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் மாணவர்களே பொதுமக்களுக்குச் சிகிச்சை அளிக்கிறார்கள். எங்களுக்கு வந்த மாணவர் பல்லைப் பார்ப்பதற்கு முன் கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி என்று ஒவ்வோர் இடமாக விளக்கடித்துப் பார்த்தார். "பாட்டி, வெத்தல போடுவீங்களா?" என்று கேட்டார். "பதினாறு வயசுலருந்து போடுறேன் ஐயா" என்றார் பாட்டி. அவர் மேற்பார்வையாளரை அழைத்தார். இடக்கன்னத்தின் உள்ளே துடைத்தால் போகாத வெண்படலம் ஒன்று இருந்தது. பாட்டி வெற்றிலையை அடக்கிக்கொள்ளும் அதே பக்கம்.

பாக்கு புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுப்பில் அறிவித்தது. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் தீங்கு உண்டு. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடையே அதிகமாகக் காணப்படுகிறது. குறிப்பாக வெற்றிலை போடும் பெண்களிடையே. இதனால்தான் நம் சுகாதார அமைச்சு 1997 முதல் தோட்டப்புறம் போன்ற இடங்களில் வாய்ப்புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தை நடத்தி வருகிறது. வெண்படலம், சிவந்த படலம், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயைத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவை காட்டிக்கொள்ள வேண்டிய அறிகுறிகள். வலி இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டிக்கு வலியே இல்லை.

சிறு துண்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அம்மாவும் நானும் சரியாகத் தூங்கவில்லை. புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆனால் வெற்றிலையை நிறுத்த வேண்டும். தவறாமல் சோதனைக்கு வர வேண்டும் என்றார்கள். பாட்டி வெற்றிலைப் பெட்டியை அம்மாவிடம் கொடுத்தார். இரண்டு முறை திருட்டுத்தனமாகப் போட்டு மாட்டிக்கொண்டார். இப்போது நான்கு மாதமாகப் போடவில்லை.

நேர்முகத் தேர்வில் கேட்டார்களே, அந்தக் கேள்விக்குரிய விடை இருபத்திரண்டு ஆண்டுகளாக என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தது. நான் மறைக்க நினைத்ததும் அதையேதான்.

8. கடிதம் எழுதுவது

ஆகவே, விண்ணப்பக் கடிதம் எழுதுபவர்க்கு என் ஆலோசனை இது. எந்த மாணவரும் எழுதக்கூடிய வரியை அடித்துவிடுங்கள்; உங்களால் மட்டும் எழுத முடிந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த மதிப்பெண் இருந்தால் அதை மறைக்க முடியாது. முடிவுத்தாள் அவர்கள் கையில் இருக்கிறது. என்ன நேர்ந்தது, காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன மாற்றினீர்கள், அதன்பின் புள்ளி எப்படி ஏறியது என்று நான்கு வரியில் சொல்லுங்கள். பிறர்மேல் பழி வேண்டாம். இரக்கம் கேட்கவும் வேண்டாம்.

மருத்துவகத்தில் கவனித்துப் பழக வாய்ப்புக் கேளுங்கள். நான் ஊரில் உள்ள ஒரு தனியார் மருத்துவகத்தில் விடுமுறையில் பன்னிரண்டு நாள் இருந்தேன். கருவிகளைத் தொற்று நீக்கும் முறை, அஞ்சும் குழந்தையிடம் பேசும் முறை, கழுத்தும் முதுகும் வலிக்கக் குனிந்தே செய்யும் வேலை, பல்லைப் பிடுங்க மட்டுமே பணம் கொண்டுவரும் நோயாளி ஆகியவற்றை அங்கேதான் பார்த்தேன். அன்றன்று பார்த்ததை ஒரு பக்கம் எழுதி வையுங்கள். நோயாளியின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். நேர்முகத் தேர்வில் 'நான் பார்த்தேன்' என்று தொடங்கும் விடைக்கும் 'நான் படித்தேன்' என்று தொடங்கும் விடைக்கும் வேறுபாடு உண்டு.

நேர்முகத்துக்கு நண்பர் இருவரை வைத்துப் பழகுங்கள். ஆங்கிலம், மலாய் இரண்டிலும் பேசிப் பாருங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். நான் ஒவ்வொரு விடையிலும் எத்தனை முறை தயங்கினேன் என்பதை அப்படித்தான் அறிந்தேன்.

9. பணமும் மாற்றுவழியும்

தனியார் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்புக்கு இலட்சக்கணக்கில் ரிங்கிட் ஆகும். விண்ணப்பத்துக்கு முன்பே பெற்றோருடன் அமர்ந்து கணக்குப் போடுங்கள். கட்டணம், கருவிகள், விடுதி, ஆண்டுதோறும் ஏறும் தொகை ஆகியவற்றை எழுதுங்கள். ஏற்கெனவே பி.டி.பி.டி.என். கடன் வாங்கியவர், இரண்டாம் இளங்கலைப் பட்டத்துக்கு உதவி உண்டா என்பதை அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுத்தில் பெறுங்கள். அப்பா "நிலத்தை வித்தாவது படிக்க வைக்கிறேன்" என்பார். அவர் அன்பால் சொல்வது அது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. என் வீட்டில் நாங்கள் ஓர் எல்லை வகுத்திருக்கிறோம்: உதவிச்சம்பளமோ கடனோ பாதிக்கு மேல் ஏற்காவிட்டால், இடம் கிடைத்தாலும் போவதில்லை.

பல் மருத்துவர் ஆகாவிட்டால் இத்துறையே மூடிவிட்டது என்று பொருள் அன்று. பல் சிகிச்சையாளர், பல் தொழில்நுட்பர் என்று நம் வாய்நலத்தைக் காக்கும் பணிகள் உண்டு. தமிழ்ப்பள்ளி நூல்நிலையத்தில் என் வாயைத் திறக்கச் சொன்னவரும் மருத்துவர் அல்லர். அவரைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. உயிர்வேதியியல் பட்டத்தோடு வாய்ப்புற்றுநோய் ஆய்வுக்கும் செல்லலாம். நான் அந்த வழியையும் என் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவாக

என் இரண்டாம் விண்ணப்பக் கடிதம் இப்படித் தொடங்குகிறது: 'என் பாட்டி முப்பது ஆண்டு ரப்பர் மரம் சீவியவர்; அறுபது ஆண்டு வெற்றிலை போட்டவர்.' முதல் பருவப் புள்ளியும் அதில் உண்டு. மூன்று எண்களும் உண்டு. அதை அனுப்பி ஐந்து வாரமாகிறது. இன்னும் பதில் வரவில்லை.

பதில் எதுவானாலும் இரண்டு வேலைகள் எனக்கு உறுதி. இறுதிப் பருவத் தேர்வு நெருங்குகிறது. சிவப்பு மை இன்னும் தீரவில்லை. அடுத்த மாதம் பாட்டிக்குச் சோதனை நாள். நான்தான் அழைத்துப் போக வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவ நண்பர்களே, இன்று மாலை உங்கள் விடைத்தாளைத் தேடி எடுங்கள். மதிப்பெண் எங்கே போனது என்று எழுதுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வெற்றிலை போடும் பெரியவர் வீட்டில் இருந்தால், கைவிளக்கை எடுத்துக்கொண்டு அவர் கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். சந்தேகம் எழுந்தால் அரசாங்கப் பல் மருத்துவகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை.